குடும்ப வாட்ஸ்அப் குழுவும் வெயில் காப்பும்

தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோரிடம் வெயிலைப் பற்றி நாங்கள் கூறும் அறிவுரை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அடுத்த சந்திப்புக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகலாம். அந்த இடைவெளி முழுவதும் நோயாளியின் கையில் இருப்பது கைப்பேசிதான். வெயிலிலிருந்து தோலைக் காக்கும் பழக்கத்தை வளர்க்க அதனை, குறிப்பாகக் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவை, எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இங்கு விளக்குகிறோம்.

யாருக்கு இது மிகவும் தேவை?

நம் தோலில் உள்ள மெலனின் நிறமி ஓரளவு இயற்கைக் காப்பை அளிக்கிறது. ஆதலால் தோல் புற்றுநோய் வெண்ணிறத் தோலினரைவிட நம்மிடம் குறைவே. ஆயினும் வெயிலால் தோன்றும் அல்லது மிகும் பிற நோய்கள் இங்குக் குறைவல்ல. முகத்தில் படரும் மங்கு, வெயில் பட்ட இடங்களில் அரிப்புடன் எழும் தடிப்பு ஆகியவற்றை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். வெண்புள்ளி உள்ள இடங்களில் நிறமி இல்லாததால் அவ்விடங்கள் எளிதில் வெந்து சிவக்கின்றன. லூபஸ் நோய் உள்ளவருக்கோ, வெயில் தோலைத் தாக்குவதோடு மூட்டு, சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளிலும் நோயைத் தூண்டிவிடக்கூடும்.

சில மருந்துகளும் தோலை வெயிலுக்குக் கூசச் செய்கின்றன. டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லி, இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை அவற்றுள் சில. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோர் உட்கொள்ளும் எதிர்ப்பாற்றல் குறைப்பு மருந்துகளும் வெயிலின் தீங்கை மிகுவிப்பவை. இதற்கு அஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது. வெயிலிலிருந்து காத்துக்கொள்வதே வழி.

நம் ஊர் வெயிலின் இயல்பு

புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வடக்கில் அமைந்துள்ளது. இதனால் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கிறது. சித்திரை வெயிலுக்கு அஞ்சும் நாம் ஆவணி வெயிலுக்கு அஞ்சுவதில்லை. கடற்காற்று உடலைக் குளிர்விக்கும். ஆனால் புற ஊதாக் கதிர்களைத் தடுக்காது. மெல்லிய மேகத்தையும் அக்கதிர்கள் கடந்து வரும். காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை கடுமை மிகுதி.

இதனை அறியக் கருவி தேவையில்லை. வெயிலில் நின்று நம் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் வலுவாக உள்ளது என்று பொருள். குழந்தைகளுக்கும் இதனை எளிதில் கற்பிக்கலாம்.

நினைவூட்டலால் பயன் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில் 70 பேர் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பாதியினருக்கு மட்டும் ஆறு வாரங்கள் நாள்தோறும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அதில் அன்றைய வானிலையும் சன்ஸ்கிரீன் பூசுமாறு ஒரு நினைவூட்டலும் இருந்தன. செய்தி பெறாதோர் 100 நாள்களுக்கு 30 நாள் என்ற அளவில் பூசினர்; பெற்றோர் 56 நாள் என்ற அளவில் பூசினர். சன்ஸ்கிரீனின் நன்மை பொதுவாகப் பலரும் அறிந்ததே. ஆகவே, பலரிடம் குறைவது அறிவைவிட நினைவே என்று நாங்கள் கருதுகிறோம்.

அரசு அமைப்புகளும் இவ்வழியில் இறங்கியுள்ளன. நம் மாகே பகுதியைச் சூழ்ந்துள்ள கேரளத்தில், மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2025 கோடையில் ஊர்வாரியாகப் புற ஊதாக் குறியீட்டை எச்சரிக்கை நிறங்களுடன் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, இக்குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் காப்பு தேவை.

செய்தி எவ்வாறு அமைய வேண்டும்?

1. ஒரு செய்தியில் ஒரு செயல் மட்டும் இருக்கட்டும். "அம்மா, குடை எடுத்தாச்சா?" என்னும் ஒரு வரி, நீண்ட கட்டுரையைவிடப் பயன் தரும்.

2. வெளியே புறப்படுவதற்குச் சற்று முன்னர் அனுப்புங்கள். இரவில் வரும் அறிவுரை காலையில் மறந்துபோகும்.

3. படிக்க இயலாத முதியோருக்குக் குரற்பதிவு அனுப்புங்கள். பேரக்குழந்தையின் குரலாயின் மேலும் நன்று.

4. நாள்களைக் கருதுங்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் செல்லும் குடும்பத்தார்க்கு, முதல்நாளே குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை ஆகியவற்றை நினைவூட்டலாம்.

5. செலவற்ற காப்பை முதலில் கூறுங்கள்: நிழல், குடை, அடர்ந்த நெசவுத் துணி. சன்ஸ்கிரீன் அதற்கு அடுத்தது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாததை, முகத்துக்கும் கழுத்துக்கும் இரு விரல் நீள அளவு எடுத்து, புறப்படுவதற்கு 15 நிமிடம் முன்னர் பூசி, வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூசுதல் வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியுமே போதும்.

எவற்றைப் பகிரலாகாது?

முகத்தில் எலுமிச்சைச் சாறு தடவச் சொல்லும் காணொளிகள் பல உலவுகின்றன. அச்சாறு பட்ட தோலில் வெயில் படின் கொப்புளமும், மாதக்கணக்கில் நீங்காத கருமையும் உண்டாகும். தேங்காய் எண்ணெய் சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது. 'ஒரே வாரத்தில் வெண்மை' என்று புகழப்படும் பூச்சுகளுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவை தோலை மெலியச் செய்து, வெயிலைத் தாங்க இயலாத நிலைக்குத் தள்ளும். மருத்துவர் சீட்டின்றி இத்தகைய ஸ்டீராய்டு பூச்சுகளை விற்பதற்கு இந்திய அரசு 2018இல் கட்டுப்பாடு விதித்தது. எனினும் உறவினரின் பரிந்துரை, மருந்துச் சீட்டைவிட விரைவாகப் பரவுகிறது.

"வெயிலில் போனால் கறுத்துவிடுவாய்" என்னும் காரணத்தையும் கைவிடுங்கள். அது கறுத்த பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும். ஆண்களோ, இது பெண்களின் அழகுக் காரியம் என்று ஒதுங்குவர். தோல் நோயின்றி இருக்க வேண்டும் என்பதே காரணமாகட்டும். நோயாளியின் தோல் படத்தை அவருடைய இசைவின்றிக் குழுவில் இடுவதும் தகாது.

வெயிலை முற்றிலும் தவிர்க்க வேண்டியவர், வைட்டமின் டி குறையுமோ என அஞ்ச வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனை செய்து தேவையாயின் மாத்திரை தருவோம். ஐயமூட்டும் செய்தி எதுவும் வந்தால், பகிர்வதற்கு முன் அடுத்த வருகையின்போது கைப்பேசியிலேயே எங்களிடம் காட்டுங்கள். நாளைக் காலை உங்கள் வீட்டில் முதலில் வெயிலில் இறங்குபவர் யாரோ, அவருக்கு ஒரு வரி எழுதித் தொடங்குங்கள்.