சின்ன போர்டில் வேலை தொடங்கும் தம்பி, தங்கைகளுக்கு

1. ப்ளாஷ் எவ்வளவு, ராம் எவ்வளவு என்று முதலில் எழுதி வையுங்கள். அது தெரியாமல் மென்பொருள் தேட இறங்காதீர்கள். லிங்க்சிஸின் பழைய டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டர்கள் பலவற்றில் 4 எம்பி ப்ளாஷும் 16 எம்பி ராமும்தான் இருந்தன. கர்னல், ஃபயர்வால், வைஃபை எல்லாம் அதற்குள்ளேயே ஓடின. ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்ததே அந்தப் பெட்டிக்காகத்தான். ஆகவே பெரிய போர்டு கேட்கும் முன், உள்ளே இருப்பதில் எதை எடுக்கலாம் என்று பாருங்கள்.

2. பிஸிபாக்ஸிலிருந்து தொடங்குங்கள். டெபியனை நிறுவ உதவும் பூட் ஃப்ளாப்பிக்காக 1990களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் எழுதியது. நூற்றுக்கணக்கான கட்டளைகளுக்கு ஒரே பைனரி. போர்டின் ‘/bin’ டைரக்டரியைத் திறந்தால் எல்எஸ், சிபி, க்ரெப் என்று தெரிபவை எல்லாம் பிஸிபாக்ஸைக் காட்டும் லிங்க்குகள். எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்த வேலையைச் செய்யும். வேண்டாததை மெனுகான்ஃபிக்கில் அணைத்துவிடலாம். அதிலுள்ள ஆஷ் ஷெல்லுக்கு பாஷின் அர்ரே தெரியாது. எனவே ஸ்கிரிப்டை லேப்டாப்பில் அல்ல, போர்டிலேயே ஓட்டிப் பாருங்கள்.

3. ஃபைலின் அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒருவருக்கு இலை போட்டால் பின்னாலேயே பஸ் நிறைய சொந்தக்காரர்கள் வந்து இறங்குவதுபோல, சின்ன புரோகிராம் ஒன்று பெரிய லைப்ரரிகளை இழுத்து வரும். ரீட்எல்ஃப் கொண்டு அது என்னென்ன கேட்கிறது என்று பாருங்கள். நாலு வரி கான்ஃபிக் படிக்க பைத்தானை ஏற்றாதீர்கள்; லுவா போதும்.

4. சி லைப்ரரியாக ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் போட்டால் இடம் நன்றாகவே மிச்சமாகும். ஆனால் த்ரெட் ஸ்டாக்கைக் கவனியுங்கள். லினக்ஸில் ஜிலிப்சி வழக்கமாக ஒரு த்ரெட்டுக்கு 8 எம்பி ஒதுக்கும். மஸ்ல் தருவது 128 கேபி. பெரிய அர்ரேயை ஃபங்ஷனுக்குள் வைத்த புரோகிராம் அங்கே ஓடும், இங்கே செக்மென்டேஷன் ஃபால்ட் அடித்து விழும். பழியை மஸ்ல்மேல் போடாமல் ஸ்டாக் அளவை நீங்களே கோடில் சொல்லிவிடுங்கள்.

5. எஸ்எஸ்ஹெச்சுக்கு ட்ராப்பேர். லாகின் செய்ய அது போதும். ஆனால் எஸ்எஃப்டிபி சர்வர் அதில் கிடையாது. 2022இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0 முதல், எஸ்சிபி கட்டளை உள்ளே எஸ்எஃப்டிபியைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் லேப்டாப்பிலிருந்து போர்டுக்கு ஃபைல் அனுப்பும்போது ‘எஸ்எஃப்டிபி-சர்வர் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். போர்டு கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். கட்டளையில் பெரிய ‘ஓ’ ஆப்ஷனைச் சேருங்கள், பழைய முறையில் போய்விடும்.

6. லாகை ராமில் வையுங்கள். ஓயாமல் எழுதினால் ப்ளாஷ் தேய்ந்து போகும்.

7. தேர்ந்தெடுக்கும் மென்பொருளை இப்போது யார் பராமரிக்கிறார்கள் என்று பாருங்கள். இதை இளையவர்கள் கடைசியில்தான் கேட்கிறார்கள்; எனக்கு இதுதான் முதல் கேள்வி. யூலிப்சி என்ற இன்னொரு சி லைப்ரரியின் கடைசி வெளியீடு 2012இல். அதன் பிறகு யூலிப்சி-என்ஜி என்ற கிளைதான் வளர்கிறது. கைவிடப்பட்டதை ஏற்றினால், வாங்கியவர் வீட்டு ரௌட்டரில் ஓட்டை விழும்போது அடைக்க ஆள் இருக்காது.

8. லைசென்ஸைப் படியுங்கள். பிஸிபாக்ஸ் ஜிபிஎல் 2. பைனரி கொடுத்தால் சோர்ஸும் கொடுக்க வேண்டும். இதற்காக 2007இல் அமெரிக்காவில் வழக்கே நடந்தது. ஒவ்வொரு ஃபர்ம்வேரோடும் அதை பில்ட் செய்த சோர்ஸையும் கான்ஃபிக் ஃபைலையும் சேர்த்து எடுத்து வையுங்கள். கேட்கிறவருக்கு அன்றே கொடுக்கலாம்.