கடுவன் பூனையும் நான்காம் படியும்

உங்கள் வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா? அது கடுவனா, பெட்டையா? இதில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அதன் உயிரே ஒரு நாள் இந்த வேறுபாட்டைப் பொறுத்து அமையலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் எங்கள் வீட்டுக் கடுவன் மணல் தட்டில் ஏறி உட்கார்ந்து முக்கியது. ஒன்றும் வரவில்லை. இறங்கியது, ஐந்து நிமிடத்தில் மறுபடி ஏறியது. இடையிடையே அடிவயிற்றுக்குக் கீழே நக்கிக்கொண்டது. "மலம் கட்டியிருக்குடா, கொஞ்சம் விளக்கெண்ணெய் குடு, காலையில சரியாயிடும்" என்றார் என் தாயார். நானும் அப்படியே செய்தேன். காலையில் அது வாந்தி எடுத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. மருத்துவர் அடிவயிற்றைத் தொட்டார். உள்ளே எலுமிச்சம்பழம் போல் ஒன்று கெட்டியாகத் தட்டுப்பட்டது. "இது மலச்சிக்கல் இல்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கிறது. நேற்றே கொண்டு வந்திருக்க வேண்டும்" என்றார். அடைப்புக்குப் பின்னால் உள்ள விதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான்! அதை என் வீட்டில் கண்டபோது அடையாளம் தெரியவில்லை. உங்களுக்கு அந்தத் தவறு நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

குழாயும் விதியும்

சிறுநீரகங்களில் உண்டாகும் சிறுநீர் சிறுநீர்ப்பையில் வந்து சேர்கிறது. அங்கிருந்து அது வெளியேறும் குழாய்க்குச் சிறுநீர்ப் புறவழி என்று பெயர். பெட்டைப் பூனையில் இது குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். கடுவனிலோ நீண்டு, நுனிப் பகுதியில் மிகவும் குறுகியிருக்கும். அங்கே உள்விட்டம் சுமார் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு.

குறுகிய குழாயில் நீர்மம் எப்படிப் பாய்கிறது என்பதை ஆராய்ந்தவர் பாய்சொய் (1797–1869) என்ற பிரெஞ்சு மருத்துவர். மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் சோதனைகள் செய்து, 1840களில் முடிவுகளை வெளியிட்டார். அழுத்தம் மாறாதிருந்தால், ஒரு வினாடியில் பாயும் நீர்மத்தின் பருமன் குழாயின் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும், ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும் என்பது அவர் கண்ட விதி.

நான்காம் படி என்றால் என்ன பொருள்? ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பாய்வும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும் என்று தோன்றும். ஆனால் 0.8ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், 0.41 வரும். பாய்வு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்குதான். ஆகவே, "இன்று கொஞ்சம் சிரமப்படுகிறது, நாளை பார்க்கலாம்" என்பது கடுவனுக்குப் பொருந்தாது. சிறு வீக்கமோ, மணல் போன்ற படிகமோ போதும்; சொட்டுச் சொட்டாகி, பிறகு முற்றிலும் நின்றுவிடும்.

அடைப்பது எது?

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில் வாழ்ந்தது. ஆகவே பூனைக்குத் தாகம் குறைவு. அதன் சிறுநீரோ மனிதனுடையதைவிட மிகவும் செறிவானது. செறிந்த கரைசலில் உப்பு படிகமாகும் என்பதை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். இங்கே பெரும்பாலும் படிவது மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். சில பூனைகளில் கால்சியம் ஆக்சலேட் படிகிறது. இப்படிகங்கள் சளி போன்ற புரதப் பொருளுடன் கலந்து அடைப்பானாகின்றன. படிகமே இல்லாமல், பையின் அழற்சியாலும் புறவழித் தசையின் இறுக்கத்தாலும் அடைப்பு ஏற்படுவதுண்டு. வீடு மாறுதல், புதுப் பூனை வருதல் போன்ற மனக்கலக்கங்கள் இவ்வழற்சியைத் தூண்டுகின்றன.

அடைத்தபின் என்ன ஆகும்?

பை நிரம்பினாலும் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்துவதில்லை. அழுத்தம் பின்னோக்கி ஏறுகிறது. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டுவது அழுத்த வேறுபாட்டால்தான். எதிரழுத்தம் கூடக்கூட அவ்வேறுபாடு குறைந்து, வடிகட்டுதல் நின்றுபோகிறது. யூரியா, அமிலம், பொட்டாசியம் மூன்றும் இரத்தத்தில் தேங்குகின்றன.

இவற்றில் மிகவும் ஆபத்தானது பொட்டாசியம். இதயத் தசைச் செல்லுக்குள் பொட்டாசியம் மிகுதி, வெளியே குறைவு. இந்த வேறுபாடே செல்லின் சவ்வில் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. அதைக் கொண்டே இதயம் சீராகத் துடிக்கிறது. வெளியே பொட்டாசியம் கூடினால் அம்மின்னழுத்தம் குலைகிறது. நிமிடத்துக்கு 140க்கு மேல் துடிக்க வேண்டிய பூனையின் இதயம் மெதுவாகி, தாறுமாறாகி, நின்றே போகலாம். அடைப்பு முழுமையானால் இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிர் போகக்கூடும்.

அமுக்கிவிட்டால் வந்துவிடாதா?

பலருக்கும் தோன்றும் யோசனை இது. ஆனால் உயிருக்கே உலை வைப்பது. மூடிய நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. நீங்கள் அமுக்கும் அழுத்தம் அடைப்பானை மட்டுமன்று, பையின் சுவர் முழுவதையும் தாக்கும். அழுத்தம் அதே அளவில் இருந்தாலும், கோளத்தின் ஆரம் கூடக்கூடச் சுவரின் இழுவிசை கூடும் என்பது லாப்லாஸ் விதி. ஊதிப் பருத்த பலூன் சிறிது தொட்டாலே வெடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பை கிழிந்தால் சிறுநீர் வயிற்றுக்குள் பரவிவிடும்.

மருத்துவர் வேறு வழியில் செல்கிறார். முதலில் இரத்த நாளம் வழியாக உப்புநீர் ஏற்றுகிறார். தேவையானால் கால்சியம் கொடுத்து இதயத்தைக் காக்கிறார். பிறகு மயக்க மருந்து கொடுத்துத் தசையைத் தளரச் செய்து, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைப் புறவழியில் நுழைத்து, உப்புநீரைப் பாய்ச்சி அடைப்பானைப் பைக்குள்ளேயே திருப்பித் தள்ளுகிறார். எங்கள் கடுவனுக்கு இரண்டு நாள் அந்தக் குழாய் இருந்தது. மூன்றாம் நாள் அது தானாகவே மணலை நனைத்தபோது எங்கள் வீட்டில் திருவிழாதான்!

நீங்கள் செய்ய வேண்டியவை

கடுவன் அடிக்கடி தட்டுக்குப் போய் முக்குகிறதா, கத்துகிறதா, சொட்டு மட்டும் வருகிறதா, அதில் இரத்தம் கலந்திருக்கிறதா என்று கவனியுங்கள். மணல் நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பிறகு கையைக் கழுவுங்கள். நனையவில்லையென்றால் பொழுது விடியக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எண்ணெய் புகட்டாதீர்கள், அது நுரையீரலுக்குள் போகலாம். பாரசிட்டமால் மாத்திரையைக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

ஒரு முறை அடைத்த பூனைக்கு மறுபடியும் அடைக்கலாம். தடுக்கும் வழி கரைசலை நீர்க்கச் செய்வதே. உலர்ந்த உணவுருண்டைகளில் நீர் சுமார் 10 விழுக்காடுதான். மீனிலோ 70 விழுக்காட்டுக்கு மேல். ஆகவே ஈரமான உணவு நல்லது. வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். மற்ற உணவு மாற்றங்களை மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். ஏனெனில் ஒருவகைப் படிகத்தைக் கரைக்கும் உணவு மற்றொன்றைக் கரைக்காது.

செய்து பாருங்கள்

ஒரே நீளமுள்ள இரு குழாய்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பழரசம் உறிஞ்சும் குழல். மற்றொன்று மை தீர்ந்து, நன்றாகக் கழுவிய பேனா ரீஃபில். ஒரே உயரத்துக்கு எண்ணெய் நிரப்பிய கலத்திலிருந்து, ஒவ்வொன்றின் வழியாகவும் அரைக் கிண்ணம் எண்ணெய் இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். இரு ஆரங்களையும் அளந்து, நேரங்களின் விகிதத்தைக் கணக்கிடுங்கள். இரண்டாவது குழாய் நிரம்பக் காத்திருக்கும்போது, நான்காம் படி என்பது வெறும் கணக்கன்று என்பது உங்களுக்கே விளங்கும்.