பக்கவாதமும் தசைச் சோர்வும்: அதிர்வுக் கருவியால் ஆவது என்ன?

பெரிய காஞ்சிபுரத்தின் நெசவுத் தெருக்களிலும், அதனைச் சூழ்ந்த ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய ஊர்களிலும் பட்டுத்தறியே பல குடும்பங்களின் வாழ்வாதாரமாகும். குழித்தறியில் அமர்ந்து நெய்பவருக்கு இரு கைகளும் இரு கால்களும் ஒருங்கே வேண்டும். கால் மிதியை அழுத்த, கை நாடாவைச் செலுத்த வேண்டும். பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்தால் தறி நின்றுவிடும்; தறி நின்றால் அடுப்பும் அணைந்துவிடும். ஏர் பிடிக்கும் உழவர் வீட்டிலும் நிலைமை இதுவே.

சென்ற ஆண்டு ஊர்களைச் சுற்றிப் பார்வையிட்டபோது நெசவாளர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். பக்கவாதம் தாக்கி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அவரை மூத்த மகன் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் விடாமல் நடக்கச் செய்து வந்தார். “நடக்க நடக்கத்தானே ஐயா காலுக்குப் பலம் வரும்?” என்று அவர் நம்மைக் கேட்டார். ஆனால் முந்திய நாள் மாலை, நடையின் நடுவே தந்தையின் முழங்கால் மடங்கி அவர் கீழே விழுந்திருந்தார். அன்று முதல் எழுந்து நிற்கவே அஞ்சினார். அதே வேளையில், வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவர் காட்டிச் சென்ற அதிர்வுக் கருவியை வாங்குவதற்காகத் தாயாரின் வளையல்களை அடகு வைக்கும் பேச்சும் அவ்வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

மகனின் அன்பில் குறையில்லை. ஆயினும் இரு செய்திகளை அவர் அறிந்திருக்கவில்லை. அவற்றை ஒவ்வொரு ஊராட்சி உறுப்பினரும் அறிந்திருத்தல் நலம்.

சோர்வு எங்கிருந்து வருகிறது?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. கேடு நேர்வது மூளையில், தசையில் அன்று. தசை முழுமையாக இருந்தும், அதனை இயக்கும் கட்டளை மூளையிலிருந்து குறைவாகவே வந்து சேர்கிறது. எஞ்சியுள்ள சில நரம்புகளே முழுச் சுமையையும் தாங்குகின்றன. பத்துப் பேர் இழுத்த தேரை மூவர் இழுத்தால் எவ்வளவு விரைவில் களைப்பார்களோ, அவ்வளவு விரைவில் நோயாளியின் காலும் களைக்கிறது. இதனோடு, படுக்கையில் கிடக்குந்தோறும் தசை மெலிந்து, அதனாலும் ஒரு சோர்வு சேர்கிறது.

ஆகவே நோயாளி “கால் ஓய்ந்துவிட்டது” என்று கூறினால் அது சோம்பல் அன்று. கடிந்துரைப்பதால் அச்சோர்வு நீங்காது. களைத்த காலை மேலும் வற்புறுத்தினால் நடை கோணலாகப் பழகும். விழும் அபாயமும் மிகும்.

அதிர்வுச் சிகிச்சை யாது?

அதிர்வினால் நோய் தீர்க்கும் எண்ணம் புதியதன்று. பாரிஸ் நகரத்து நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, நடுக்குவாத நோயாளிகள் நெடுந்தூரம் இரயிலிலோ வண்டியிலோ பயணம் செய்த பின் சற்று நலமாக உணர்வதைக் கண்டார். அதனால் குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து, 1892-ல் அதைப்பற்றி எழுதினார். 1966-ல் சுவீடன் நாட்டு அறிஞர்களான ஹாக்பார்த், எக்லண்ட் இருவரும், தசையின் மீது விரைந்த அதிர்வைச் செலுத்தினால் அத்தசை தானாகவே சுருங்குவதை ஆராய்ந்து வெளியிட்டனர். தசையினுள் உள்ள நுண்ணிய உணர்வு உறுப்புகள் அதிர்வினால் தூண்டப்பட்டு, தண்டுவடத்தின் வழியே மீண்டும் தசையை இயக்குகின்றன என்பதே இதன் விளக்கம்.

இன்று இச்சிகிச்சை இருவகைப்படும். சிறு கருவியைத் தசை அல்லது தசைநாண் மீது வைத்து அதிரச் செய்வது ஒன்று. அதிரும் பலகை மீது நோயாளியை நிறுத்தி உடல் முழுவதையும் அதிரச் செய்வது மற்றொன்று.

சோதனைகள் கூறுவது

முதல் வகையினால் கைகால் விறைப்புச் சிறிது நேரம் தளர்வதைச் சில சிறு சோதனைகள் காட்டியுள்ளன. அவ்வாறு தளர்ந்திருக்கும் வேளையில் பயிற்சி செய்தால் அது எளிதாகலாம். இரண்டாவது வகையை, நெதர்லாந்து நாட்டில் பக்கவாதம் தாக்கிச் சில வாரங்களே ஆன 53 பேரிடம் ஆறு வாரம் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டனர். அதிரும் பலகையில் நின்றவர்களும், இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்தவர்களும் ஒரே அளவில்தான் முன்னேறினர். பலகையினால் தனிப்பயன் காணப்படவில்லை.

ஆதலின் அதிர்வு ஒரு துணையே, மருந்து அன்று. பயிற்சியின் இடத்தை அதனால் நிரப்ப இயலாது. அதனால் தீங்கும் நேரலாம். காலில் இரத்தக்கட்டி, புதிய எலும்பு முறிவு, புண், இதயத்தில் பொருத்திய மின்கருவி ஆகியவை உள்ளவர்களுக்கு அது ஆகாது. உணர்ச்சி இழந்த தோலில் வலி தெரியாதாகையால் காயம் நேர்ந்தாலும் நோயாளி அறியமாட்டார். மருத்துவமனையில் இயன்முறை மருத்துவரின் கண்காணிப்பில் அதனைப் பெறுதல் வேறு. நகையை அடகு வைத்து வீட்டிற்கு வாங்குதல் வேறு.

நடைப்பயிற்சியைப் பற்றியும் ஒரு பெருஞ்சோதனை நமக்கு அறிவூட்டுகிறது. ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட அச்சோதனையில், முதல் 24 மணி நேரத்திற்குள்ளேயே படுக்கையிலிருந்து எழுப்பி மிகுதியாகப் பயிற்சி அளிக்கப்பட்டவர்கள், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களைவிடக் குறைந்த அளவிலேயே நலம் பெற்றனர். அதே சோதனையின் விவரங்களை மேலும் ஆராய்ந்தபோது, நீண்ட நேரப் பயிற்சியைவிடக் குறுகிய நேரம், பலமுறை செய்யும் பயிற்சியே நன்மை தருவதாகத் தோன்றியது. அடிமேல் அடி அடித்தால்தான் அம்மி நகரும். ஒரே அடியில் நகராது.

வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

1. பயிற்சியைத் தொடங்கும் நாளையும் அளவையும் மருத்துவரே குறிக்க வேண்டும்.

2. ஒரு மணி நேர நடையைச் சில நிமிடங்கள் கொண்ட பல பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே அமர்ந்து இளைப்பாறச் செய்க.

3. பாதம் தரையில் இழுபடுதல், முழங்கால் நடுங்குதல், பிடி தளர்தல், மூச்சு வாங்குதல் ஆகியவை சோர்வின் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே அமர்த்துக. நெஞ்சு வலியோ மயக்கமோ தோன்றினால் மருத்துவ உதவியை நாடுக.

4. செயலிழந்த கையைப் பற்றி இழுத்துத் தூக்குதல் கூடாது. தோள் மூட்டு நழுவும். இடுப்பில் துணிப்பட்டை கட்டி அதனைப் பிடித்துத் துணை செய்க.

5. இரத்த அழுத்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தலாகாது.

ஊராட்சியின் கடமை

வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றைக் கண்டால் நொடியும் தாமதியாது 108 ஊர்தியை அழைக்க வேண்டும் என்பதை ஊரார் அனைவருக்கும் உணர்த்துக. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தினால்தான் பயனுண்டு.

வீடு திரும்பியவர்களைக் குடும்பத்தாரின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடலாகாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2017-ல் வெளியான சோதனையில், குடும்பத்தாருக்குப் பயிற்சி அளித்ததனால் மட்டும் கூடுதல் நன்மை விளைந்ததாகக் காணப்படவில்லை. ஆதலின் பயிற்சி பெற்றவரின் துணையும் வேண்டும் எனக் கருதுகிறோம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் இல்லத்திற்கே வருகிறார். தம் வார்டில் இத்தகைய நோயாளிகள் எவரெவர் உள்ளனர் என உறுப்பினர்கள் குறித்து, கிராம சுகாதாரச் செவிலியரிடம் அளித்தல் செலவில்லாத பெருந்தொண்டாகும்.

முற்கூறிய நெசவாளருக்கும் இவ்வாறே உதவி கிடைத்தது. நடை சிறு சிறு பகுதிகளாக்கப்பட்டது. நான்கு திங்கள் கழித்து நாம் மீண்டும் சென்றபோது, அவர் திண்ணையில் அமர்ந்து இடக்கையால் இராட்டையைச் சுற்ற, வலக்கை மெல்ல இழையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தறிக்குழியில் இறங்க இன்னும் இயலவில்லை. இறங்குவாரா என்பதையும் இப்பொழுது கூறுவதற்கில்லை. ஆனால் அவர் மறுமுறை விழவில்லை. தாயாரின் வளையல்களும் அவர் கையிலேயே இருந்தன.