40 விழுக்காடு இருந்தால் போதுமா?

மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகைகளுக்கு முதலில் கேட்கப்படுவது யூடிஐடி (UDID) என்னும் தனித்துவ அடையாள அட்டை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; ஆட்டிசம், பார்க்கின்சன், தலசீமியாவும் அதில் உண்டு. ‘கை கால் நல்லாத்தானே இருக்கு’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வேலை இடஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் அதே அளவுகோல் இல்லை. மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 விழுக்காடும், வறுமைக்கோட்டுப் பட்டியலில் இடமும் தேவை. தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி, கடும் பாதிப்பு உள்ளிட்ட குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும். யாருக்குப் பொருந்தும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். இடைத்தரகர் வேண்டவே வேண்டாம்.

அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஆதாரிலும் மருத்துவச் சான்றிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் மனு சிக்கக்கூடும். பழைய சிகிச்சைச் சீட்டுகளையும் ஸ்கேன்களையும் மருத்துவக் குழுவிடம் எடுத்துச் செல்லுங்கள். விழுக்காட்டைக் குறைத்துப் போட்டதாகத் தோன்றினால், மேல்முறையீட்டுக்குச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் தருகிறது. தற்காலிகச் சான்று என்றால் காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.