பழைய டிராக்டருக்குப் புதிய ஒயரிங்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

ஜவ்வாது மலையில் சிறு விவசாயிக்கு டிராக்டர் என்பது ஏர் மட்டுமன்று. பார வண்டியும் அதுவே. ஆடியில் சாமைக்கு உழவு ஓட்டும் அதே வண்டிதான் மாசி, பங்குனியில் புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போளூருக்கோ ஆலங்காயத்திற்கோ இறங்குகிறது. கைமாறி வந்த பழைய டிராக்டரை வாங்குவோர் என்ஜினைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள். ஒயரிங்கைப் பார்ப்போர் குறைவு.

இதற்குக் காரணம் உண்டு. பழைய டீசல் என்ஜின் ஒரு முறை ஓடத் தொடங்கிவிட்டால், தொடர்ந்து ஓட அதற்கு மின்சாரம் தேவையில்லை. மலையில் வண்டியைச் சரிவில் நிறுத்தி, உருட்டி விட்டு, கியரில் போட்டு ஸ்டார்ட் செய்துவிடலாம். எனவே செல்ப் எடுக்காதது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை. சரிவு கோளாறை மறைத்து விடுகிறது. அது வெளிப்படுவது, இரவில் பாரத்துடன் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது விளக்கு அணையும் நேரத்தில்தான். தவிரவும், உருட்டி ஸ்டார்ட் செய்வதற்காக வண்டியைச் சரிவில் நிறுத்தி வைப்பதே ஆபத்தானது.

இம்மலையின் இருட்டு விண்மீன்களை ஆராய்வோருக்கு நல்லது. காவலூர் வானாய்வு நிலையத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஆனால் அதே இருட்டில் பாரம் ஏற்றி இறங்கும் டிரைவருக்கு ஹெட்லைட் ஒன்றே துணை.

ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

ஒரே ஒயரில் எலி கடித்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஒயரை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். மேலுறை வெடித்து உதிர்ந்தால், அல்லது ஒட்டுப் போட்ட இடங்கள் பலவாக இருந்தால், முழு ஒயரிங் செட்டையும் மாற்றுவதே சிக்கனம்.

இன்னொரு சோதனையும் எளிது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, பாட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றிய கேபிளுக்கும் பாட்டரி முனைக்கும் இடையே 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றைச் சேருங்கள். பல்பு எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். இரவோடு இரவாக பாட்டரி இறங்குவதற்கு இதுவும் காரணமாகலாம்.

செட்டைத் தேர்ந்தெடுத்தல்

கடைக்குப் போகும்போது டிராக்டரின் மாடல், தயாரித்த ஆண்டு ஆகியவற்றைக் குறித்துச் செல்ல வேண்டும். அதைவிட முக்கியம், இப்போது வண்டியில் என்ன இருக்கிறது என்பது. முதலில் டைனமோவுடன் வந்த வண்டிக்குப் பின்னாளில் ஆல்டர்னேட்டர் பொருத்தியிருக்கலாம். இரண்டுக்கும் ஒயரிங் வேறு. சாவி சுவிட்சில் எத்தனை முனைகள், மீட்டர்கள் எவை, டிரெய்லர் விளக்குக்கு சாக்கெட் உண்டா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சில பழைய வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியுடன் சேர்ந்திருக்கும். இன்றைய வண்டிகளில் நெகட்டிவ் முனையே சேர்ந்திருக்கும். இதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டருக்கு பாட்டரியை மாற்றிக் கொடுத்தால், அதனுள் இருக்கும் டையோடுகள் உடனே பழுதாகிவிடும்.

விலை குறைந்த செட்டுகள் சிலவற்றில், மேலே தாமிர முலாம் பூசிய அலுமினிய ஒயர் இருக்கும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம். வீட்டுக்குப் பயன்படும் ஒற்றைக் கம்பி ஒயரும் டிராக்டருக்கு ஆகாது, அதிர்வில் முறிந்துவிடும். பல மெல்லிய இழைகள் கொண்ட வண்டி ஒயரே ஏற்றது.

ஒயரின் கனமும் வெளிச்சமும்

இரண்டு ஹெட்லைட்டுகளில் 55 வாட் பல்புகள் இருந்தால் மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர். 1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் இந்த மின்சாரம் 4 மீட்டர் சென்றால், சுமார் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் இழப்பு 0.25 வோல்ட் அளவே.

0.6 வோல்ட் சிறிதென்று எண்ண வேண்டாம். அதனால் வெளிச்சம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். பச்சை பூத்த இணைப்புகளும் சேர்ந்து 1.5 வோல்ட் குறைத்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விடும். பல்பு மங்கல் என்று பெரிய பல்பு போடுவோர், மெல்லிய ஒயரை மேலும் சூடேற்றுகிறார்கள்.

ஆகவே ஹெட்லைட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டரும், பின்விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவற்றுக்கு 1 சதுர மில்லிமீட்டரும் இருக்கட்டும். செல்ப் மோட்டாருக்குப் போகும் கேபிள் பழையதன் கனத்துக்குச் சிறிதும் குறையக்கூடாது. ஹெட்லைட்டுக்கு 15 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று அங்கே தாமிரக் கம்பியைச் சுற்றினால், அடுத்து எரிவது ஒயரிங்தான்.

கழற்றும் முறை

முதலில் பாட்டரியின் எர்த் கேபிளைக் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கடைசியாகவே மாட்ட வேண்டும். பழைய செட்டை வெட்டி எறியாதீர்கள். ஒவ்வொரு முனையிலும் அது எங்கே சேர்ந்திருந்தது என்று எழுதிய சீட்டைக் கட்டுங்கள். கைபேசி இருந்தால் படமும் எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றிய செட்டைத் தார்ப்பாயில் விரித்து, புதியதைப் பக்கத்தில் போட்டுக் கிளை கிளையாக ஒப்பிட வேண்டும். நீளம் குறைந்திருந்தால் பொருத்துவதற்கு முன்பே கடையில் மாற்றிக்கொள்ளலாம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். லூகாஸ் முறையில் பழுப்பு பாட்டரியிலிருந்து நேரே வருவது, கறுப்பு எர்த், நீலம் ஹெட்லைட். ஆனால் கைமாறிய வண்டியில் யார் எந்த நிறத்தைப் போட்டார்களோ, பல்பு வைத்துச் சோதிப்பதே உறுதி.

பொருத்தும் முறை

ஒயர்க்கட்டு சைலென்சரையும், டீசல் குழாயையும், ஸ்டியரிங், லிப்ட் நெம்புகோல்களையும் தொடாமல் செல்ல வேண்டும். தகட்டுத் துளை வழியே போகும் இடங்களில் ரப்பர் புஷ் கட்டாயம். இல்லையேல் தகட்டின் விளிம்பு அதிர்வில் மேலுறையை அறுத்துவிடும். ஓரடிக்கு ஒரு கிளாம்ப் போடுங்கள். அசையும் இடங்களில் சற்றுத் தளர்வு விடுங்கள்.

முனைகளைக் கையால் முறுக்கி டேப் சுற்றுவது போதாது. லக் வைத்து, அதற்குரிய கிரிம்பிங் பிளேயரால் அழுத்தி, ஸ்லீவ் மாட்ட வேண்டும்.

எர்த் இணைப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெயிண்ட் மேல் வைத்து முடுக்கிய எர்த், எர்த்தே அன்று. அந்த இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். மலைப் பனியிலும் மழையிலும் துருப்பிடிக்காமல் இருக்க இது உதவும். டிரெய்லர் கொக்கியை எர்த்தாக நம்பாமல், பின்விளக்குக்குத் தனி எர்த் ஒயர் கொண்டு போக வேண்டும்.

சோதித்தல்

பாட்டரியை உடனே நேராக மாட்ட வேண்டாம். எர்த் கேபிளுக்கும் பாட்டரிக்கும் இடையே 21 வாட் பல்பு ஒன்றைச் சேருங்கள். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்க, பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் உள்ளது. எரியாவிட்டால் நேராக மாட்டி, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பது நல்லது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில், ஓடும்போது பாட்டரியைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

புகை வந்தால்

சாவியைத் திருப்பினால் பழைய டீசல் என்ஜின் நிற்காது. ஸ்டாப் கம்பியை இழுத்து என்ஜினை நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பாட்டரி கேபிளைக் கழற்ற வேண்டும். அதற்குரிய ஸ்பானர் சீட்டின் அருகிலேயே இருக்கட்டும். பாட்டரி கட்-ஆப் சுவிட்ச் ஒன்று பொருத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

இவ்வேலைக்கு ஏற்ற காலம் சித்திரையும் வைகாசியும். புளி இறங்கி முடிந்திருக்கும், உழவு தொடங்கியிராது. மழை பெய்து ஈரம் காயும் முன் உழ வேண்டிய நாளில் செல்ப் எடுக்காவிட்டால், வாடகை டிராக்டருக்குக் காத்திருக்க நேரும்; பருவமும் தவறும். தாமே செய்ய இயலாதோர் தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடலாம். ஆனால் ஒயரின் கனம், பியூஸ், எர்த் ஆகிய மூன்றையும் உடனிருந்து பார்த்துக்கொள்வது அவசியம்.