மண் கபடிப் பையன் மேட்டில் தேறுவானா?

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கும் கபடிப் போட்டிகளில் இரண்டு தீர்ப்புகள் அடிபடும். மண்ணில் ஆடிப் பழகியவன் மேட்டில், அதாவது செயற்கை விரிப்புக் களத்தில், தேறமாட்டான் என்பது ஒன்று. ஆட்டம் ஒன்றுதானே, ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினால் போதும் என்பது மற்றொன்று. பதினைந்து வயதுப் பையனுக்கு இரண்டுமே கெடுதல். முதலாவது அவனை ஊரைவிட்டு அனுப்பவே விடாது. இரண்டாவது தயாராகாமலே அனுப்பிவைக்கும்.

முதல் நம்பிக்கைக்குக் கபடி வீரர் தர்மராஜ் சேரலாதனே பதில். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், 1975இல் பிறந்தவர், மண் தரையில் வளர்ந்த தலைமுறை. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோதே நாற்பதை நெருங்கியிருந்தார். ஆனாலும் 2016இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது கேப்டன் அவர்தான். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். ரெய்டரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, கார்னரிலிருந்து பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கும் அந்தக் கணக்கு தரை மாறினால் மறந்துபோகிற சங்கதி அல்ல. மல்யுத்தத்திலும் இதைப் பார்க்கலாம். மராட்டிய மண் கோதாவில் வளர்ந்த காஷாபா ஜாதவ், மெத்தைக் களத்தில் அதிகம் பழகாமலே 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போய் ஆறாவது இடம் பிடித்தார். 1952 ஹெல்சிங்கியில் ஃப்ரீஸ்டைலில் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. மண்ணில் கற்ற பிடி வீணாகவில்லை என்பது ஒரு பாதி. இடையில் நான்கு ஆண்டு ஆனது என்ற மறுபாதியை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அந்த மறதிதான் இரண்டாவது நம்பிக்கை. கொத்தித் தண்ணீர் தெளித்த மண்ணில் திரும்பும்போது பாதம் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். திருகும் வேகத்தில் ஒரு பங்கை மண்ணே வாங்கிக்கொள்ளும். மேட்டில் ரப்பர் அடி ஷூ ஊன்றிய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, பளு முழங்காலுக்குப் போகும். வெறுங்காலில் பழகிய அதே சுழற்சியை அதே வேகத்தில் செய்கிற பையன் முட்டியைப் பணயம் வைக்கிறான். டைவ் அடித்தால் முழங்கைத் தோல் உரியும் என்பது சின்ன விஷயம், ஆறிவிடும். கடிகாரமும் வேறு. நடுவர் கண்டுகொள்ளாத உள்ளூர் ஆட்டத்தில் மூச்சு இருக்கும்வரை பாடி நேரத்தை ஓட்டலாம். புரோ கபடியில் ரெய்டுக்கு 30 விநாடிதான். அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் அவுட். காத்திருந்து ஆடுகிறவனுக்கு அங்கே இடமில்லை.

மண்ணுக்கு அவ்வளவு பலம் இருந்தால் புரோ கபடியில் தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் ஏன் ஆரம்பப் பருவங்களில் அடிமட்டத்தில் கிடந்தது என்று கேட்பார்கள். 2017இல் வந்த அந்த அணி முதல் பருவங்களில் தடுமாறியது உண்மை. ஆனால் அப்போது கேப்டன் இமாச்சலத்து அஜய் தாக்கூர். ஏலத்தில் பல மாநிலத்தவரைச் சேர்த்துக் கட்டிய அணி தோற்றதை நம் மண்ணின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அதே அணி 2022 பருவத்தில் அரையிறுதிக்கும் வந்தது. அதைவிட, மேட் விலைக்கு ஊர்க் குழுக்கள் எங்கே போவது என்ற கேள்விதான் வலுவானது. அதற்காக மண்ணைக் கைவிட வேண்டியதில்லை. பிடியும் பாய்ச்சலும் ஊர்க் களத்திலேயே வளரட்டும். மாவட்டத் தேர்வுக்குப் பல மாதம் முன்பே பையனை ஷூவோடு பழக்கி, மேட் உள்ள இடத்துக்கு வாரம் ஒருமுறையாவது அழைத்துப்போங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் புது ஷூ வாங்கிக்கொடுத்துக் களத்தில் இறக்கும் வழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள்.