வலை ஸ்கிரிப்ட்: உரைத்திருத்தியும் வழுநீக்கற் கருவியும் தெரிவுசெய்தல்

ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. போன்ற மொழிகளில் வலைப் பக்கத்துக்காக எழுதப்படும் கட்டளைத் தொகுதி ஸ்கிரிப்ட் எனப்படும். அதனை எழுதப் பயன்படும் எடிட்டர் மென்பொருள் உரைத்திருத்தி ஆகும். பிழைகளைக் கண்டறிந்து திருத்துதல் வழுநீக்கல் எனப்படும்.

1. உரைத்திருத்தி

வேர்ட் போன்ற சொல் முறைவழிப்படுத்தல் மென்பொருளில் ஸ்கிரிப்ட் எழுதக்கூடாது. அது நேரான மேற்கோட்குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அதனை ஏற்காது.

தெரிவுசெய்யும்போது கவனிக்க வேண்டியவை:
அ. வரி இலக்கம் காட்டுதல்
ஆ. கட்டளைச் சொற்களை நிறத்தால் வேறுபடுத்துதல்
இ. அடைப்புக்குறியின் சோடியைக் காட்டுதல்
ஈ. யு.ரி.எவ்.-8 குறிமுறையில் சேமித்தல்

2003 இல் வெளியான நோட்பாட்++ இந்நான்கையும் இலவசமாகத் தருகிறது.

நான்காவது இயல்பு தமிழ் மாணவருக்கு மிக முக்கியமானது. யாழ். குடாநாட்டில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவே பெரிதும் பயன்பட்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். எனவே யூனிகோட்டில் தட்டச்சுச் செய்து, யு.ரி.எவ்.-8 இல் சேமிக்குக. வின்டோஸின் பழைய நோட்பாட் வழமையாக அன்சி முறையில் சேமித்ததால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாயின. 2019 இன் வின்டோஸ் 10 பதிப்பிலிருந்து யு.ரி.எவ்.-8 வழமையாயிற்று.

2. வழுநீக்கற் கருவி

2006 இல் பயர்பொக்ஸ் மேலோடிக்கு வந்த பயர்பக் என்னும் இணைப்பு 2017 இல் நிறுத்தப்பட்டது. இன்று குரோம், பயர்பொக்ஸ் ஆகியவற்றிலேயே இவ்வசதி உண்டு. எவ்12 விசையை அழுத்திக் கொன்சோலைத் திறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் வழுவும் அதன் வரி இலக்கமும் தெரியும். பி.எச்.பி. சேவையகத்தில் இயங்குவதால் அதன் வழு கொன்சோலில் தெரியாது. சேவையகத்தின் வழுச் செய்தியைப் பார்க்க வேண்டும்.

கவனிக்க: காட்டப்படும் வரியில் பிழை இல்லையெனின் அதற்கு முந்திய வரியைப் பார்க்குக. விடுபட்ட அரைப்புள்ளியோ அடைப்புக்குறியோ அங்கேயே இருக்கலாம்.

3. கருவி காட்டாத வழு

மூன்று பாடப் புள்ளிகளின் சராசரியைக் காண ஒரு மாணவி 60 + 70 + 80 / 3 என எழுதினாள். எந்தக் கருவியும் வழு காட்டவில்லை. விடையோ 156.67. நூற்றுக்கு மேல் சராசரி வருமா?

வகுத்தல் முதலில் நிகழ்ந்ததே காரணம். (60 + 70 + 80) / 3 என எழுதினால் 70 கிடைக்கும். இது தர்க்க வழு ஆகும். விடை தெரிந்த எண்களைக் கொடுத்துக் கையால் கணித்து ஒப்பிடுவதே இதனைக் கண்டறியும் வழி. பரீட்சை வினாத்தாளின் முன் உங்களிடம் பேனை மட்டுமே இருக்கும். ஆகவே கொன்சோலைத் திறக்குமுன் ஒருமுறை கண்ணால் வழு தேடிப் பழகுங்கள்.

மாதிரி வினா: தொடரியல் வழு, தர்க்க வழு ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடு யாது?

விடை: தொடரியல் வழு மொழியின் விதியை மீறுவது, கருவி காட்டும். தர்க்க வழுவில் ஸ்கிரிப்ட் இயங்கும். ஆனால் பிழையான விடை தரும்.